பெயரில்லாத் துயரம்

கணவனை இழந்தவளுக்குத் தமிழில் பெயர் உண்டு. மனைவியை இழந்தவனுக்கும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளையை அநாதை என்கிறோம். தந்தையை இழந்த சிறு பிள்ளையை நம் இல்லங்களில் யத்தீம் என்று சொல்லி, அதன் தலையைத் தடவிக் கொடுப்பதையும் நன்மையெனக் கருதுகிறோம். ஆனால், காக்காவை இழந்த தங்கைக்கு என்ன பெயர்? லாத்தாவை இழந்த தம்பியை எச்சொல்லால் குறிப்பது? தேடிப் பார்த்தால் அப்படியொரு சொல் நம்மிடையே வழங்கவில்லை என்பது புலனாகும். பெயர் பெறாத ஒன்றை உலகம் எளிதில் கவனிப்பதில்லை. மையித்து வீட்டுக்கு வருவோர் உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவர். வாப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வர். விதவையான மனைவியைச் சுற்றி அமர்வர். உடன்பிறந்தவளோ வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டும், தண்ணீர் கொடுத்துக்கொண்டும் நிற்பாள். அவளிடம் ஒவ்வொருவரும் சொல்லிச் செல்லும் வார்த்தை ஒன்றுதான்: "உம்மாவைப் பார்த்துக்கொள்." அவளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பாரில்லை.

இச்சிந்தனையை நம் நெஞ்சில் எழுப்பியது ஒரு நாவல். வட அயர்லாந்தில் பிறந்த மேகி ஓ'ஃபாரல் என்னும் பெண் எழுத்தாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாம்நெட்' என்பது அதன் பெயர். அவ்வாண்டின் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும் அது பெற்றது. ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் இல்லத்தைப் பற்றிய கதை அது. இலத்தீன் கற்பிக்க வந்த ஓர் இளைஞனும், மூலிகையும் பறவையும் அறிந்த ஒரு பெண்ணும் காதலித்து மணந்துகொள்வதில் தொடங்கி, அவர்களுடைய மகனின் மரணத்தில் கனத்து, அம்மரணத்துக்குப் பின் அக்காதல் என்னவாகிறது என்பதில் முடிகிறது. அதில் இறந்த சிறுவனின் இரட்டைச் சகோதரியான ஜூடித் தன் தாயிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். கணவனை இழந்தவளுக்கும் பெற்றோரை இழந்தவருக்கும் பெயர் இருக்கையில், இரட்டையராயிருந்து இப்போது ஒருத்தியாகிவிட்ட தனக்கு என்ன பெயர் என்பதே அக்கேள்வி. தாய்க்கு விடை தெரியவில்லை. அப்படியொரு சொல் இல்லாமலும் இருக்கலாம் என்று இருவரும் முடிவுக்கு வருகின்றனர்.

காதல் கதையிலும் நாவலிலும் நமக்கென்ன வேலை என்று கேட்கும் வாசகர் நம்மிடையே உண்டு. அவர் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆயினும், உடன்பிறந்தவரை இழந்த துயரத்தையும் காதலையும் சேர்த்துப் பின்னும் கதைகள் மேலைநாடுகளில் பெருகி வருகின்றன. நம் பிள்ளைகளும் அவற்றைப் படிக்கின்றனர். அவற்றின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. அண்ணனைப் பறிகொடுத்த ஒருத்தி தன் நெஞ்சைத் தாழிட்டுக் கொள்கிறாள்; ஒருவன் வருகிறான்; தாழ் திறக்கிறது; கடைசிப் பக்கத்தில் அவள் சிரிக்கிறாள். புத்தகத்தை மூடும்போது நம் மனத்தில் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. அவள் சிரித்தது இறந்தவனுக்குச் செய்த துரோகமா? அல்லது, ஒருவன் போன இடத்தில் வேறொருவனை அமர்த்திக்கொண்டால் துயரம் தீர்ந்துவிடுமா? இவை கதைக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. ஓர் இல்லத்தில் மையித்து விழுந்த ஆண்டிலேயே திருமணமும் வரக்கூடும். அன்று அவ்வில்லத்தார் அனைவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே இக்கேள்விகளுக்கு விடை தேடுகின்றனர்.

இரு தங்கையர்

ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் உண்மையில் வாழ்ந்தவன். 1585ஆம் ஆண்டு ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜூடித்துடன் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தவன். 1596 ஆகஸ்டில், பதினோராம் வயதில் அடக்கம் செய்யப்பட்டவன். எந்நோயால் இறந்தான் என்று ஏட்டில் இல்லை; கொள்ளைநோய் என்பது நாவலாசிரியரின் கற்பனை. மகன் இறந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்து அத்தந்தை 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்தை எழுதினார். 1602 பிப்ரவரி 2ஆம் நாள் இலண்டனில் சட்டம் பயில்வோரின் மண்டபமொன்றில் அது நடிக்கப்பட்டது. காதல் நாடகம்தான், சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால், அதன் இரு நாயகியரும் சகோதரனைப் பறிகொடுத்தவர்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஒலிவியா என்னும் சீமாட்டி, இறந்த அண்ணனுக்காக ஏழாண்டுகள் முகத்திரையணிந்து எவரையும் காணாமல் நாள்தோறும் அழுவதென உறுதி பூண்டவள். வயோலா என்பவளோ கப்பல் உடைந்து கரையேறியவள். இரட்டைச் சகோதரன் கடலில் மூழ்கினான் என்றே நினைக்கிறாள். அவளுக்கு மாளிகையில்லை, ஏழாண்டு அழுவதற்கு வசதியுமில்லை. சகோதரனைப் போல் ஆண் உடை அணிந்து, அந்நாட்டுக் கோமகனிடம் வேலைக்குச் சேர்கிறாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் சகோதரனே உயிரோடு நிற்பதாக அவளுக்குத் தோன்றுகிறது.

இவ்விருவரில் எவள் அதிகம் அன்பு வைத்தவள்? உலகம் ஒலிவியாவைத்தான் காட்டும். ஏனெனில் அவளுடைய துயரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு உடையுண்டு, கால அளவும் உண்டு. ஆயினும், அழகிய இளைஞனொருவன் தூது வந்த அன்றே அவளுடைய ஏழாண்டு உறுதி தளர்கிறது. வயோலாவோ தன் துயரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைத் தன் உடலிலேயே சுமந்து திரிகிறாள். சகோதரன் உயிரோடிருக்கலாம் என்ற சிறு செய்தி காதில் விழுந்ததும் அவள் அடையும் நடுக்கத்தைப் பார்த்தால், அவள் ஒரு கணமும் அவனை மறந்திருக்கவில்லை என்பது விளங்கும். துயரத்தின் ஆழத்தைத் துயரக் கோலத்தால் அளக்கலாகாது என்பதே இவ்விரு பெண்களை அடுத்தடுத்து நிறுத்தியதன் பயன் எனலாம்.

மூன்று நாளின் பொருள்

இதே உண்மையை நம் மார்க்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே ஓர் உடன்பிறந்தவளின் இல்லத்தில் வைத்து நமக்குக் கற்பித்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியாரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் சகோதரர் ஒருவர் இறந்தபோது நிகழ்ந்ததை, அங்கே சென்றிருந்த மற்றொரு ஸைனப், அபூ ஸலமாவின் மகளார், அறிவித்துள்ளார். அன்னையவர்கள் நறுமணப் பொருளைக் கொண்டுவரச் செய்து பூசிக்கொண்டார்கள். பின்னர், தமக்கு இந்நறுமணத்தில் தேவை எதுவுமில்லை என்றும், இறந்தவர்க்காக மூன்று நாளுக்கு மேல் துக்கக் கோலம் பூணுவது நம்பிக்கை கொண்ட பெண்ணுக்கு ஆகாது, கணவருக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும் உண்டு எனப் பெருமானார் மிம்பரில் கூறக் கேட்டதாலேயே இதைச் செய்வதாகவும் தெரிவித்தார்கள். புகாரியில் காணப்படும் செய்தி இது.

இந்நிகழ்ச்சியைப் பலர் சட்டமாக மட்டுமே படிக்கின்றனர். சகோதரனுக்கு மூன்று நாள் என்று கணக்குச் சொல்லி, நான்காம் நாள் கண்கலங்கும் தங்கையைக் கடிந்துகொள்வோரும் உண்டு. அவர்கள் அன்னையவர்களின் சொல்லில் ஒரு பாதியைக் கேட்கவில்லை. நறுமணத்தில் தமக்குத் தேவையில்லை என்று அவர்கள் ஏன் கூற வேண்டும்? நெஞ்சில் துக்கம் தீர்ந்துவிடவில்லை என்பதையன்றோ அச்சொல் காட்டுகிறது! கை நறுமணத்தைப் பூசுகிறது. மனமோ அதை நாடவில்லை. கோலத்துக்குத்தான் மூன்று நாள். நெஞ்சுக்கு எவரும் நாள் குறிக்கவில்லை. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்த பெருமானார், கண் அழுவதும் நெஞ்சு நோவதும் குற்றமல்ல, இறைவன் விரும்பாத சொல்லே ஆகாது என்னும் பொருள்படக் கூறியதும் இதனையே உறுதிப்படுத்தும்.

அப்படியானால் கோலத்துக்கு மட்டும் ஏன் எல்லை? துக்கக் கோலம் நாளடைவில் நம்மைப் பார்ப்பவர்க்காகவே நீளத் தொடங்குகிறது என்பது ஒரு காரணமாகலாம். "இவ்வளவு சீக்கிரம் பூச்சூடிவிட்டாளே" என்று அண்டைவீடு பேசுமோ என்று அஞ்சி வெறுந்தலையோடு இருப்பவள் அண்ணனுக்காக இருக்கவில்லை, அண்டைவீட்டுக்காக இருக்கிறாள். மூன்றாம் நாள் முடிந்ததும் மார்க்கம் அவளை அப்பார்வையிலிருந்து விடுவிக்கிறது. இனி அழுதால் அது அவளுக்கும் இறைவனுக்கும் இடையிலான அழுகை. சிரித்தால் அதற்கும் எவரும் கணக்குக் கேட்க உரிமையில்லை. இவ்வெல்லையை நாம் கடுமை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு காவல்.

வாழ்ந்தவர்மேல் கடனா?

ஆயினும், பிறர் கேட்காவிட்டாலும் தன் நெஞ்சே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'ஹாம்நெட்' நாவலில் முதலில் நோயுறுபவள் ஜூடித்துதான். சகோதரன் அவளருகே படுத்து, மரணத்தை ஏமாற்றித் தன்னை எடுத்துக்கொள்ளச் செய்ய எண்ணுகிறான். விடிந்தபோது அவள் பிழைத்திருக்கிறாள், அவன் இல்லை. கற்பனைதான், ஆனால் உடன்பிறந்தவரை இழந்தவருள் பலர் இரவில் விழித்துக் கிடந்து எண்ணுவது இதுவே. 'போகவேண்டியவள் நானல்லவா? அவன் ஆயுளையன்றோ நான் உண்டு வாழ்கிறேன்?' பெற்றோரை இழந்தவருக்கு இவ்வெண்ணம் எளிதில் வருவதில்லை. மூத்தவர் முன்னே போவது இயல்பு. உடன்பிறந்தவரோ ஒரே மடியில் கிடந்தவர்; ஒரே தட்டில் உண்டவர். ஒரு தட்டில் இருவர் உண்ணும்போது ஒருவர் எழுந்துவிட்டால், மிச்சத்தை உண்பவருக்குத் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

திருமணத்தையும் மகிழ்ச்சியையும் துரோகமாகக் காட்டுவது இவ்வெண்ணமே. மகிழ்ச்சி தவறென்று யாரும் கருதுவதில்லை. இது களவாடிய மகிழ்ச்சி என்ற மயக்கமே நெஞ்சை உறுத்துகிறது. ஆகவே, வேரைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் ஒரு தவணை குறித்திருக்கிறான். அது வந்தபின் பிந்துவதுமில்லை, அது வருமுன் முந்துவதுமில்லை என்பது திருமறை நமக்குத் தரும் நம்பிக்கை. மரணச் செய்தி கேட்டதும் வாயளவில் நாம் சொல்லும் ஆறுதலாக அது தேய்ந்துவிட்டது. பிழைத்தவரின் பக்கமிருந்து அதை எண்ணிப் பார்ப்போமாக. அண்ணனின் தவணை அவனுக்கு. தங்கையின் தவணை அவளுக்கு. அவனுடைய நாட்களிலிருந்து ஒரு நாழிகைகூட அவள் கணக்கில் சேரவில்லை. அவள் மரித்திருந்தாலும் அவனுக்கு ஒரு நாழிகை கூடியிராது. அவள் உண்பது அவளுடைய சோறு. அவள் வாழ்வது அவளுக்கு எழுதப்பட்ட வாழ்வு. களவே நிகழாதபோது, களவாடிய மகிழ்ச்சி என்ற பேச்சுக்கு இடமேது?

உண்மையான ஜூடித் 1662ஆம் ஆண்டுவரை வாழ்ந்தாள். சகோதரனை அடக்கம் செய்தபின் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக! 1616இல் திருமணம் செய்துகொண்டாள். மூன்று மைந்தரைப் பெற்றாள். அம்மூவரையும் தனக்கு முன்னரே மண்ணில் வைத்தாள். அந்நெடிய வாழ்வு முழுவதையும் பதினொரு வயதில் கடனாகப் பெற்றது என்று ஒருத்தி எண்ணினால், அக்கடனை அடைப்பது எங்ஙனம்? கடனென்று நினைப்பவருக்குத் திருப்பிச் செலுத்த வழியில்லை. அருளென்று நினைப்பவருக்கு நன்றி செலுத்த வழியுண்டு.

துயருக்கு மொழி தந்தவர்கள்

துக்கம் நெஞ்சிலிருக்கலாம் என்றால், அது மொழியாகலாமா? கதையாகவும் கவிதையாகவும் ஆகலாமா? மார்பிலடித்து ஆடை கிழித்து ஓலமிடும் ஒப்பாரியை மார்க்கம் தடுத்தது. அத்தடையை நீட்டித் துயரிலக்கியம் முழுவதையும் ஒதுக்குவாரும் உளர். வரலாறு அவர்களுக்குத் துணை செய்யவில்லை.

உமர் (ரலி) அவர்களின் மூத்த சகோதரர் ஸைத் பின் கத்தாப் (ரலி), அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்த யமாமாப் போரில் ஷஹீதானார். இஸ்லாத்தை ஏற்பதிலும் தம்மை முந்தினார், ஷஹாதத்திலும் முந்தினார் என்று சொல்லிச் சொல்லி உமர் (ரலி) வருந்தியதுண்டு. கீழ்த்திசைக் காற்று வீசும்போதெல்லாம் ஸைதின் நினைவு தம்மைத் தேடிவருவதாகவும் கூறினார்கள். பேரரசுகளை நடுங்கச் செய்த அம்மனிதரை ஒரு காற்று கலங்கச் செய்தது!

அக்காலத்தில் முத்தம்மிம் பின் நுவைரா என்னும் கவிஞர் இருந்தார். கொல்லப்பட்ட தம் சகோதரர் மாலிக்குக்காக அவர் பாடிய இரங்கற்பாக்கள் அரபுலகெங்கும் பரவியிருந்தன. அவற்றைக் கேட்ட உமர் (ரலி), தமக்கும் கவி பாட வருமானால் தம் சகோதரர் ஸைதுக்காக இவ்வாறு பாடியிருப்பேனே என்று ஏங்கினார்கள். அதற்கு முத்தம்மிம், உம் சகோதரர் அடைந்தது போன்ற முடிவை என் சகோதரர் அடைந்திருந்தால் நான் அவருக்காக இரங்கிப் பாடியிருக்கவே மாட்டேன் என்றார். முத்தம்மிம் ஆறுதல் கூறியது போல் வேறெவரும் தமக்கு ஆறுதல் கூறியதில்லை என்றார்கள் உமர் (ரலி).

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்திலும் ஒரு விதூஷகன் ஒலிவியாவிடம் இதற்கு நெருங்கிய வாதத்தையே வைக்கிறான்: அண்ணன் சொர்க்கத்தில்தான் இருக்கிறான் என்று நம்புகிறவள் அவனுக்காக ஏன் அழவேண்டும்? ஒலிவியா அதைக் கேட்டு அவன் சாமர்த்தியத்தை மெச்சுகிறாளே தவிர, அதனால் அவள் துயரம் ஆறியதாகத் தெரியவில்லை. ஒரே வாதம்; ஓரிடத்தில் நகைச்சுவை, ஓரிடத்தில் மருந்து. ஏன் இவ்வேறுபாடு? முத்தம்மிமும் சகோதரனை இழந்தவர். அழுது அழுது அதன் சுவடு மாறாதவர். அவருடைய வாயிலிருந்து வந்ததால் அது வாதமாக இல்லாமல் சாட்சியமாக ஒலித்தது. மையித்து வீட்டில் "சுவர்க்கத்துக்குப் போயிருப்பார், அழாதீர்கள்" என்று சொல்லும் நாம் முத்தம்மிமாக நின்று சொல்கிறோமா, விதூஷகனாக நின்று சொல்கிறோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறுதல் சொல்லத் தகுதியில்லாத இடத்தில் அருகே உட்கார்ந்திருப்பதே ஆறுதல்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், மக்கா நகரில் அடக்கமாகியிருந்த தம் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கபுறருகே நின்றபோது, முத்தம்மிமின் இரங்கற்பாவிலிருந்தே அடிகளைச் சொன்னார்கள் எனத் திர்மிதீ அறிவிக்கிறது. ஒருவர் தம் சகோதரனுக்காகப் பாடியது, வேறொருவரின் சகோதரன் கபுறருகே மொழியாயிற்று. இலக்கியம் செய்யும் பணி இதுதான். பெயரில்லாத துயரத்தைச் சுமப்பவர், தமக்கு முன்னே அதைச் சுமந்தவரின் சொல்லைக் கடனாகப் பெறுகிறார். நல்ல நாவலொன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல்லைத் தருமானால், அது காதல் கதையென்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தராமல், கண்ணீரை வெறும் சுவையாக மட்டும் பரிமாறுமானால், அதைத் தள்ளுவதற்குக் காதலைக் காரணம் காட்டவும் தேவையில்லை.

நாம் காணாத சகோதரி

பாத்திமா நாயகி (ரலி) அவர்களை நாம் மகளாக அறிவோம், மனைவியாக அறிவோம், ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரின் அன்னையாகப் போற்றுவோம். சகோதரியாக எண்ணிப் பார்த்ததுண்டா? சகோதரர்கள் காஸிமும் அப்துல்லாஹ்வும் சிறு பிள்ளைகளாகவே மறைந்தனர். ஹிஜ்ரி 2இல் ருகையா (ரலி). 8இல் ஸைனப் (ரலி). 9இல் உம்மு குல்தூம் (ரலி). 10இல் சிறுவர் இப்ராஹீம். பெருமானார் மறைவதற்கு முன்னரே, உடன்பிறந்தார் அனைவரும் சென்றுவிட, அவர்கள் ஒருவரே எஞ்சி நின்றார்கள். இவ்வளவு வெளிப்படையான செய்தியை மௌலித் மஜ்லிஸிலும் சொற்பொழிவிலும் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? உடன்பிறந்தாரை இழந்த துயரம் பெயரற்றது மட்டுமன்று, நம் கண்ணுக்கும் தெரியாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆனால், அவர்கள் இல்லத்தில் அச்சகோதரியரின் பெயர்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய மகள்மார் இருவர் ஸைனப், உம்மு குல்தூம். சகோதரியர் வாழ்ந்த காலத்திலேயே இப்பெயர்கள் இடப்பட்டிருக்கலாம். ஆயினும், அவர்கள் மறைந்த பின்னர், உணவுக்கும் தொழுகைக்கும் மகள்மாரை அழைக்கும்போதெல்லாம் அவ்வன்னையின் நாவில் அப்பெயர்கள் எவ்வாறு கனத்திருக்கும்! தமக்கை ஸைனபின் மகளாரான உமாமாவை, தமக்குப்பின் மணந்துகொள்ளுமாறு அலீ (ரலி) அவர்களிடம் பாத்திமா நாயகி கூறியதாகவும் அறிவிப்பு உண்டு. அவ்வாறே அம்மணம் நிகழ்ந்தது. தம் பிள்ளைகளைத் தமக்கை மகளின் கையில் ஒப்படைக்கும் மனத்தில், இறந்த தமக்கை எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும்!

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் கழிந்தபின், அவர்களின் சகோதரி ஹாலா வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். அக்குரலில் கதீஜாவின் குரலையே கேட்டது போல் பெருமானார் உள்ளம் நெகிழ்ந்தார்கள். உடன்பிறந்தவர் என்றால் யார் என்பதற்கு இதனினும் விளக்கம் தேவையில்லை. போனவரின் குரலையும் முகத்தையும் தம் உடலில் வைத்துக்கொண்டு இருப்பவரே உடன்பிறந்தவர். அது ஒரு பேறு, ஒரு பாரமும்கூட. தாய் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இறந்தவனைக் காண்கிறாள். அவளையே காண்பதற்கும் யாரேனும் வேண்டுமன்றோ?

நிரப்பும் பொருளல்லள்

இவ்விடத்தில் நம் சமூகத்தில் நிகழும் ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மணமான லாத்தா சிறு பிள்ளைகளை விட்டு மறைந்தால், நாற்பது கழியுமுன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது: "தங்கச்சியை மச்சானுக்கே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் மாற்றாந்தாயிடம் சிக்காது." நல்லெண்ணத்தில் எழும் பேச்சுதான், மார்க்கத்தில் தடையுமில்லை. சகோதரியர் இருவரை ஒரே காலத்தில் மணப்பதே விலக்கப்பட்டது. ருகையா (ரலி) மறைந்தபின் அவர்களின் தங்கை உம்மு குல்தூமை உத்மான் (ரலி) மணந்து 'இரு ஒளிகளையுடையவர்' என்று புகழ்பெற்றதை யாரறியார்?

ஆனால், தங்கையைக் கேட்டார்களா? அவள் அப்போது தமக்கையை இழந்து நிற்பவள். துயரத்தில் இருப்பவளிடம் "பிள்ளைகளுக்காக" என்று சொன்னால் அவளால் மறுக்கவும் இயலாது. மறுத்தால் இறந்தவளுக்குத் துரோகம் செய்தவளாவாள். மேலைநாட்டுக் கதையில் ஒருத்தி காதலிப்பதே இறந்தவனுக்குத் துரோகமோ என்று அஞ்சுகிறாள். நம் வீட்டிலோ, வேறொருவரை விரும்புவது இறந்தவளுக்குத் துரோகம் என்று அஞ்ச வைக்கிறோம். இரண்டும் ஒரே மயக்கத்தின் இரு முகங்கள். இரண்டிலும் எஞ்சியவள் தனக்கென ஒரு வாழ்வு உடையவள் என்பது மறக்கப்படுகிறது.

இதற்கு மாற்றாக இரு நிகழ்ச்சிகளை நினைவுகூரலாம். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானபோது, பல தங்கையர் அவர் பொறுப்பில் விடப்பட்டனர். இளைஞரான அவர் கன்னிப் பெண்ணொருத்தியை மணக்காமல், முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்மணியை மணந்தார். அதன் காரணத்தைப் பெருமானார் வினவியபோது, தங்கையரைப் பராமரித்து நடத்தத் தக்கவரை நாடியே அவ்வாறு செய்ததாகக் கூறினார். பெருமானாரும் அதை ஏற்று வாழ்த்தினார்கள். உடன்பிறந்தாருக்காகத் தம் மணத்தையே அமைத்துக்கொண்ட தியாகம் அது. அதைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். மற்றொன்று, கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் பெண்மணியின் வழக்கு. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த மணத்தைப் பற்றி அவர் முறையிட்டதும் பெருமானார் அம்மணத்தை நீக்கினார்கள். தியாகம் ஒருவர் தாமே கொடுத்தால்தான் தியாகம். பிறர் அவர் கையிலிருந்து பிடுங்கினால் அதற்கு வேறு பெயர்.

தங்கை மனமுவந்து இசைந்தால் அம்மணம் வாழ்க. இசையாவிட்டால், அவள் வேறிடத்தில் வாழ்ந்துகொண்டே லாத்தாவின் பிள்ளைகளுக்குப் பெருநாளன்று புத்தாடை எடுத்துக் கொடுக்கலாம். ஓதும் பள்ளியில் சேர்க்கலாம். அவர்களின் தாயைப் பற்றிக் கதை சொல்லலாம். இறந்தவரின் உறவைப் பேணுவதே அவர்மீது வைத்த அன்பின் நீட்சி. அவர் இருந்த இடத்தில் தன்னையோ பிறரையோ வைத்து அடைப்பது அந்நீட்சியாகாது.

தொடக்கத்தில் கேட்ட இரு கேள்விகளுக்கும் இப்போது விடை கூறலாம். சகோதரனை இழந்தவள் மீண்டும் சிரிப்பதும், மணப்பதும், கணவன்மீது அன்பு கொள்வதும் துரோகமல்ல. அது அவளுடைய தவணையில் அவளுக்கு எழுதப்பட்ட அருள். அதேபோல், எந்த அன்பும் எந்த மணமும் இறந்த உடன்பிறந்தாரின் இடத்தை நிரப்பாது; நிரப்ப வேண்டியதுமில்லை. ஒரே உள்ளத்தில் நறுமணமும் துயரமும் சேர்ந்தே வாழலாம் என்பதை அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கை நமக்குக் காட்டிவிட்டது.

அந்தச் சொல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகட்டும். அடுத்த முறை மையித்து வீட்டுக்குச் செல்லும்போது, பாய் விரித்துக்கொண்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் நிற்கும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து செம்பை நாம் வாங்கிக்கொள்வோம். "நீ உட்கார், அம்மா. உன் காக்காவைப் பற்றிச் சொல்" என்று கேட்போம். பெயரில்லாத துயரத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அதுவே.